பெட்டிக்குள் ரவை, பெட்டியின் மேல் முத்திரை

ஜேர்மனிக்குப் புதிதாக வந்து குடியேறும் எங்கள் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வதிவிட அனுமதி எப்போது கிடைக்கும், பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது, அரிசி எங்கே மலிவு. ஆனால் இலையுதிர் காலம் பிறந்து காட்டுப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் இன்னொரு கேள்வியும் வரும். "அண்ணை, உந்தச் சந்தியிலை இருக்கிற கடைக் கண்ணாடிக்குள்ளை துவக்கும் ரவையும் விலை போட்டு வைச்சிருக்கிறாங்களே, ஆரும் போய் வாங்கலாமோ? பொலிஸ் ஒண்டும் சொல்லாதோ?"

கேட்பவரின் குரலில் பகிடி பாதி, பயம் பாதி. அந்தப் பயம் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் வீட்டு வளவுக்குள் ஒரு ரவை கிடந்தாலே வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு அது போதும். வெற்றுக் கோதைக் கூடப் பிள்ளைகள் கையில் வைத்திருக்க விடமாட்டோம். இங்கே அதே பொருள் சப்பாத்து விற்பதுபோல் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை எங்களுக்கு உண்டு. இந்நாட்டில் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் கழகங்களும் சர்வசாதாரணம். எங்கள் பிள்ளைகள் அந்தக் காட்டுப் பாதைகளில்தான் சைக்கிள் ஓடுகிறார்கள். எங்களில் பலர் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் நிற்கிறோம். பொதுமக்களுக்கு விற்கும் ரவையைப் பற்றிய சட்டம் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும் அதில் எங்கள் வேலைக்கும் எங்கள் வீட்டுக்கும் உரிய பாடங்கள் உண்டு. அவற்றை இயன்றவரை எளிமையாகச் சொல்கிறோம்.

உள்ளே பார்க்க முடியாத பொருள்

ஒரு ரவையில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. பித்தளைக் கோது, கோதின் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மருந்துக் குமிழ், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகியிருக்கும் சன்னம். விசையை இழுத்ததும் அடிக்குமிழ் தீப்பற்றி வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அமுக்கம் சன்னத்தைக் குழல் வழியே தள்ளுகிறது. இவ்வளவும் ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த அமுக்கம் எவ்வளவு தெரியுமா? கார் ரயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டரை பார் அளவில் இருக்கும். கைத்துப்பாக்கிக்குப் போடும் 9 மில்லிமீற்றர் ரவைக்கு ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கும் ஆகக்கூடிய அமுக்கம் 2350 பார். வேட்டைக்காரர் பாவிக்கும் .308 ரவைக்கு 4150 பார். 12ஆம் இலக்கச் சாதாரண சொட்கன் தோட்டாவுக்கு 740 பார். சுடுகிறவரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் இந்த அமுக்கம் எழுகிறது. அதைத் தாங்கி நிற்பது ஒரு இரும்புக் குழல் மட்டுமே.

மருந்து கூடினால் குழல் பிளக்கும். மருந்தின் வகை மாறினாலும் அப்படித்தான். கைத்துப்பாக்கிக்கு உரிய விரைவாக எரியும் மருந்தைப் பெரிய துவக்கின் ரவைக்குள் போட்டால் அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து. மருந்து குறைந்தால் நல்லது என்றும் நினைக்கக்கூடாது. சன்னம் வெளியே வராமல் குழலின் நடுவில் சிக்கிவிடும். அது தெரியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

அளவு மாறினால் வரும் ஆபத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 20ஆம் இலக்கத் தோட்டா 12ஆம் இலக்கத் தோட்டாவை விடச் சிறியது. அதைத் தவறுதலாகப் பெரிய துவக்கில் போட்டால் வழுக்கி உள்ளே போய்க் குழலில் நின்றுவிடும். துவக்கு வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கையே போய்விடலாம். இதனால்தான் 20ஆம் இலக்கத் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது வழக்கமாகியிருக்கிறது.

வன்னியில் பன்றிக் காவலுக்கு இடியன் துவக்கு வைத்திருந்தவர்களை எங்களில் பலருக்குத் தெரியும். குழலின் வாய்க்குள் மருந்தைக் கொட்டிப் பொச்சு வைத்துக் கம்பியால் இடிப்பார்கள். கை கொஞ்சம் கூடிப்போனால் குழல் பிளந்துவிடும். அப்படி விரல் இழந்தவர்களையும் கண்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மருந்து இட்டவரும் சுட்டவரும் ஒரே ஆள். எவ்வளவு போட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

கடையில் வாங்கும் ரவையின் கதை வேறு. மருந்து இடுவது எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரு இயந்திரம். சுடுவது அதைக் கண்ணாலும் காணாத ஒருவர். கோதுக்குள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து வாங்க முடியாது. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்க்கவும் முடியாது. வாங்குகிறவரால் பார்க்க முடியாததை அவருக்காக வேறொருவர் பார்க்க வேண்டும். சட்டம் இங்கேதான் வந்து நுழைகிறது.

பழைய சட்டம், புதிய சட்டம்

ஐரோப்பாவில் முதலில் சோதிக்கப்பட்டது துவக்கின் குழல்தான். இலண்டனில் துவக்குச் செய்வோர் சங்கத்துக்கு 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் கிடைத்தது. குழல்களைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1672இல் இதற்குக் கட்டளை பிறந்தது. பேர்மிங்காம் நகரின் பரிசோதனை நிலையம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. ஜேர்மனி 1891இல் தனது சட்டத்தை இயற்றியது.

சோதனை முறை இதுதான். வழக்கத்தை விடப் பலமான ரவையைப் போட்டுப் பாதுகாப்பான இடத்தில் வைத்துச் சுடுவார்கள். இன்றைய விதிப்படி பெரிய துவக்குகளுக்கு அனுமதித்த அமுக்கத்தை விட 25 வீதம் கூட, கைத்துப்பாக்கிகளுக்கு 30 வீதம் கூட. குழல் வீங்காமல் வெடிக்காமல் நின்றால் முத்திரை. நிற்காவிட்டால் அதை விற்க முடியாது.

ஆனால் குழலை மட்டும் சோதித்துப் பயனில்லை. குழல் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தாலும் அதற்குள் போகும் ரவை எவ்வளவு தள்ளும் என்று தெரியாவிட்டால் அந்த முத்திரை அரைகுறைதான். அத்துடன் ஒரு நாட்டுத் துவக்கில் இன்னொரு நாட்டு ரவை போகிறது. ஆகவே நாடுகள் ஒன்றுகூட வேண்டி வந்தது.

லியேஜ் பரிசோதனை நிலையத்தின் இயக்குநர் யோசப் ப்றைக்கன் என்பவரின் முயற்சியால் 1914 யூலை 15இல் முதலாவது சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. சுருக்கமாகச் சி.ஐ.பி. என்று சொல்லப்படும் நிரந்தர ஆணைக்குழுவின் தொடக்கம் அதுவே. மூன்று கிழமைக்குள் முதலாம் உலகப் போர் மூண்டு ஜேர்மன் படை அதே லியேஜ் நகரை முற்றுகையிட்டது. சுடுகிறவர் காயப்படக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிய மை காய முன்னரே சுடப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

இப்போது நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தம் 1969 யூலை 1இல் பிரசெல்ஸ் நகரில் எழுதப்பட்டது. ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, பெல்ஜியம், இத்தாலி, ஒஸ்ற்றியா, பின்லாந்து ஆகியவை அங்கத்துவ நாடுகளில் சில. துவக்குகளோடு பொதுமக்களுக்கு விற்கும் ரவைகளும் அதற்குள் அடக்கம். ஒரு அங்கத்துவ நாட்டின் முத்திரையை மற்ற அங்கத்துவ நாடுகளும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் உறவினர் அதிகம் வாழும் சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் இதில் அங்கத்துவ நாடுகள் அல்ல. அங்கே உள்ளவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாக அறிந்துகொள்ள வேண்டும்.

ஜேர்மனியில் இதற்கு 2002ஆம் ஆண்டின் பெஷுஸ்கெசெற்ஸ் என்ற தனிச் சட்டம் உண்டு. 2003 ஏப்ரல் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு ரவையின் வகையும் பெயரும் அரச பரிசோதனை நிலையத்தால் அங்கீகரிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதை வியாபாரமாக விற்கலாம் என்பது அதன் 11ஆம் பிரிவின் சாரம். ஒப்பந்த நாடு ஒன்றிலிருந்து வரும் ரவையானால் ஆகச் சிறிய பெட்டியின் மேலும் அந்த நாட்டு முத்திரை இருக்க வேண்டும். பரிசோதனை நிலையத்துக்குப் பெயர் பெஷுஸ்அம்ற். உல்ம், மியூனிச், மெல்ரிக்ஸ்ரட், சூல், கொலோன், ஹனோவர், கீல் ஆகிய இடங்களில் மாநில அரசுகளின் கீழ் அவை இயங்குகின்றன.

எப்படிச் சோதிக்கிறார்கள்

முதலாவது, வகைச் சோதனை. புதிதாக ஒரு ரவையைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பும் கம்பனி மாதிரிகளைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே நீளமும் தடிப்பும் அளக்கப்படும். கோதின் அடியில் பொறித்திருக்கும் அடையாளங்கள் சரியா என்று பார்க்கப்படும். பிறகு அமுக்கம் அளக்கப்படும். கடைசியாக ரவை சரிவரச் சுடுகிறதா, கோது பிளக்கிறதா, வாயு பின்பக்கம் கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

அமுக்கத்தை அளக்கும் முறை எங்களைப் போன்ற தொழிற்சாலை ஆட்களுக்கு நன்றாக விளங்கும். முந்தி ஒரு சோதனைக் குழலின் பக்கத்தில் துளையிட்டு, அதற்குள் சிறு உலக்கை போன்ற ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு சின்னச் செப்புத் துண்டை வைப்பார்கள். சுட்டதும் உலக்கை செம்பை நசுக்கும். செம்பு எவ்வளவு குறுகியது என்று மைக்குறோமீற்றரால் அளந்து அமுக்கத்தைக் கணக்கிடுவார்கள். இப்போது பெரும்பாலும் குவாட்ஸ் பளிங்கு. அதை அமுக்கினால் மின்னேற்றம் பிறக்கும். கணினி அதை வாங்கி அமுக்கத்தை வரைபடமாகக் காட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு தொகுதிக்குமான சோதனை. ஒரே இயந்திரத்தில் ஒரே மருந்தைக் கொண்டு தொடர்ந்து செய்த ரவைகளுக்கு ஒரு லொட் இலக்கம் கொடுக்கப்படும். ஒவ்வொரு லொட்டிலிருந்தும் மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்த்து அந்தக் கணக்கைக் கம்பனி எழுதி வைத்திருக்க வேண்டும். சுட்ட ரவையை விற்க முடியாது, விற்கும் ரவையைச் சுட்டுப் பார்க்க முடியாது. ஆகவே மாதிரியை நம்புவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் மாதிரி எடுக்கும் முறையைச் சட்டம் கம்பனியின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை.

இங்கே சராசரி மட்டும் பார்க்கப்படுவதில்லை. உதாரணத்துக்கு இரண்டு லொட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் எல்லா ரவைகளும் 2200க்கும் 2300க்கும் இடையில் அமுக்கம் தருகின்றன. இரண்டாவதில் ஒன்று 1700, இன்னொன்று 2800. இரண்டிலும் சராசரி 2250 என்று வரலாம். ஆனால் முதலாவது நல்ல சரக்கு, இரண்டாவது ஆளைக் கொல்லும். ஆகவே சராசரி எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதோடு ரவைக்கு ரவை எவ்வளவு வித்தியாசம் என்பதையும் விதிகள் கணக்கில் எடுக்கின்றன. குடும்பத்தில் ஐந்து பேருக்குச் சராசரியாகச் சாப்பாடு கிடைத்தது என்றால் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதுபோலத்தான் இதுவும்.

மூன்றாவது, கம்பனியையே சோதிப்பது. பரிசோதனை நிலையத்து அதிகாரிகள் இடைக்கிடை வந்து சரக்கிலிருந்து தாங்களே மாதிரி எடுப்பார்கள். எழுதி வைத்த கணக்குகளைப் பார்ப்பார்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து இறக்குமதி செய்தால் செய்த கம்பனியின் பொறுப்பு இறக்குமதி செய்பவரின் தலையில் விழும். அவர்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் பெட்டியின் மேல் செய்தவரின் பெயர், ரவையின் அளவு, எத்தனை ரவை, லொட் இலக்கம், பரிசோதனை முத்திரை ஆகியவை வரும். கடையில் வாங்குகிறவர் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடிக்கும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இத்தனை பேரின் வேலை இருக்கிறது.

தானே வீட்டில் ரவை நிரப்பும் வேட்டைக்காரர்களும் உண்டு. அவர்கள் வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி அனுமதி பெற வேண்டும். நிரப்பியதைத் தாங்கள் பாவிக்கலாம், வியாபாரமாக விற்க முடியாது.

அமெரிக்காவில் வேறு கதை

உலகத்தில் பொதுமக்கள் கையில் துவக்குகள் ஆகக்கூடுதலாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே இப்படியொரு கட்டாயச் சோதனைச் சட்டம் இல்லை என்றால் நம்பக் கடினமாக இருக்கும். அங்கே அமுக்க எல்லைகளை வகுப்பது 1926இல் உருவான கம்பனிகளின் சங்கம். அதன் சுருக்கப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தால் எங்கள் காதுக்குச் "சாமி" என்றே கேட்கும். பெரிய கம்பனிகள் அந்த எல்லைகளைப் பின்பற்றுகின்றன, சரக்கையும் நன்றாகத்தான் செய்கின்றன. ஆனால் அது அவர்களாக விரும்பிச் செய்வது. சட்டத்தின் கட்டளை அல்ல.

பாவனைப் பொருட்களின் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளையின் விளையாட்டுச் சாமானில் பிழை இருந்தால் அதைத் திரும்பப் பெறும்படி அந்த ஆணைக்குழு கட்டளையிடலாம். ரவையில் பிழை இருந்தால் கட்டளையிட முடியாது. துவக்கையும் ரவையையும் அதன் கைக்கு எட்டாதபடி சட்டம் விலக்கி வைத்தது. 1974இல் கைத்துப்பாக்கி ரவைகளைத் தடை செய்யும்படி ஒரு மனு வந்தபோது 1976இல் நாடாளுமன்றம் அந்த விலக்கை இன்னும் இறுக்கியது. பிழையான லொட்டைத் திரும்பப் பெறும் முடிவு அங்கே கம்பனியின் கையில்தான் இருக்கிறது. நம்பிக்கை முழுவதும் சாமி மேல்தான்.

கையெழுத்துப் போடுவது நாங்கள்

ரவையை விட்டுவிட்டு எங்கள் வேலைக்கு வருவோம். எங்களில் பலர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் அதில் செருகிய ஒரு தாளும் வைத்துக்கொண்டுதான் நாள் முழுவதும் நிற்கிறோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து துண்டை எடு, அள, எழுது, கையெழுத்துப் போடு. பாஷை தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை இது எதற்கு என்றே விளங்காது. எழுத்து வேலைக்காரரின் கரைச்சல் என்று நினைப்போம்.

எங்களில் ஒருவர் வெந்நீர்க் குழாய்க்குப் பூட்டும் வால்வு செய்யும் இடத்தில் இரவு வேலை செய்தார். தற்காலிக ஒப்பந்தம், கையில் தற்காலிக வதிவிட அனுமதி. ஒருநாள் அமுக்கம் பார்க்கும் கருவி பழுதாகிவிட்டது. மேற்பார்வையாளர் வந்து, வேலையை நிறுத்த முடியாது, நேற்றைய இலக்கங்களைப் பார்த்து எழுதிவிடு என்று சொன்னார். எங்கள் ஆள் மறுத்துப் பேசவில்லை, பேசப் பாஷையும் இல்லை. அவர் அந்த நான்கு கட்டங்களிலும் "அளக்கவில்லை" என்று ஜேர்மன் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தம் நீடிக்குமோ என்று அவர் வீட்டில் நித்திரையில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வால்வு கசிகிறது என்று ஒரு முறைப்பாடு வந்தது. லொட் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தாள்களைத் தேடினார்கள். அளக்காத நேரம் எது என்று தாள் சொன்னது. அந்த இரவின் சரக்கை மட்டும் களஞ்சியத்திலிருந்தும் கடைகளிலிருந்தும் எடுத்துச் சோதித்தார்கள். பிழையும் அதற்குள்தான் இருந்தது. பொய் இலக்கம் எழுதியிருந்தால் எந்த இரவு என்றே தெரிந்திராது. யாரோ ஒரு வீட்டில் சுடுதண்ணீர் பிள்ளையின் மேல் பாய்ந்திருக்கும். அவருக்கு ஒருவரும் மாலை போடவில்லை. ஒப்பந்தம் நீடித்தது, அவ்வளவுதான்.

ரவைக்கான சட்டம் ஏன் அரச முத்திரையைக் கேட்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. செய்கிறவருக்குச் சரக்குப் போக வேண்டும். விற்கிறவருக்குக் காசு வர வேண்டும். இரண்டும் இல்லாத ஒருவர் இடையில் நின்று பார்த்தால்தான் சோதனைக்கு மதிப்பு உண்டு. அவர் வரும் நாளில் அவர் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள் எழுதிய தாளைத்தான். சட்டம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதன் அடிக்கல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரின் நேர்மை.

கட்டட வேலையில் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். கொங்கிறீற்றுக்குள் ஆணி செலுத்தும் வெடிக் கருவியும் இதே பெஷுஸ்கெசெற்ஸ் சட்டத்துக்கு உட்பட்டது. அதன் சிறு வெடிகளும் பலத்துக்கு ஏற்ப நிறம் இடப்பட்டவை. பச்சை மெல்லியது, சிவப்பு பலமானது. கண்டபடி மாற்றிப் போடக்கூடாது. அந்தக் கருவியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மீளச் சோதிக்க வேண்டும். கருவியில் திகதியோடு ஒரு ஒட்டுமுத்திரை இருக்கும். திகதி கடந்திருந்தால் முதலாளியிடம் கேட்பது உங்கள் உரிமை. பாஷை வராவிட்டால் முத்திரையை விரலால் தொட்டுக் காட்டுங்கள், அதுவே போதும்.

துவக்கின் முன்னால் நிற்பவர்

இவ்வளவும் எழுதும்போது எங்கள் மனதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சட்டம் முழுவதும் துவக்கின் பின்னால் நிற்பவரைக் காப்பாற்றும் சட்டம். அவர் கண் போகக்கூடாது, கை போகக்கூடாது. நல்லது. ஆனால் நல்ல ரவை என்று முத்திரை பெற்ற ரவை எதைச் செய்யும்? குறி வைத்த இடத்தில் சரியாகப் போய்த் தைக்கும். எங்கள் மண்ணில் வந்து விழுந்த ரவைகளும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியவையாகத்தான் இருக்கும். இராணுவத்துக்குப் போகும் ரவை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு வேறு அளவுகோல்கள், வேறு சோதனைகள். முன்னால் நிற்பவர் யார் என்று எந்த அளவுகோலும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பது இந்நாட்டில் இன்னொரு சட்டம், ஆயுதச் சட்டம். யார் வாங்கலாம், ஏன் வாங்கலாம், எங்கே பூட்டி வைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஆகவே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரவைக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று சரக்கு எப்படிப்பட்டது என்று பார்க்கும் பூட்டு. மற்றது வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கும் பூட்டு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதால் பயனில்லை. இரண்டாவது பூட்டு இல்லாத இடத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். அதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, எல்லோரும் வாங்க முடியாது. வேட்டை அனுமதி அல்லது ஆயுத உரிமைப் பத்திரம் போன்ற உரிய அனுமதி உள்ளவருக்கே கடைக்காரர் ரவை கொடுப்பார். அனுமதியில்லாமல் உயிருள்ள ரவை ஒன்றை வைத்திருந்தாலும் குற்றம். மலிவு என்று சந்தையிலோ தெரிந்தவரிடமோ ஒருபோதும் வாங்காதீர்கள். முத்திரையும் லொட் இலக்கமும் இல்லாத ரவையை யார் நிரப்பினார் என்று ஒருவருக்கும் தெரியாது. அகப்பட்டால் வழக்கு வதிவிட அனுமதிக் கோவை வரைக்கும் போகும்.

காட்டிலோ வயலிலோ தோட்டம் கொத்தும்போதோ ரவையோ குண்டோ கண்டால் தொடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் வெடிபொருட்கள் இன்றும் இந்நாட்டு மண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. துரு ஏறியது செத்துப்போனது என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, இடத்தை அடையாளம் வைத்து, 110க்குத் தொலைபேசி எடுங்கள். நல்லெண்ணத்தோடு கையில் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். அவர்கள் வந்து எடுப்பார்கள். சொன்னதற்காக உங்களை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். இதை ஊர்ப் பயம் உள்ளவர்களுக்கு இரண்டு தரம் சொல்லுங்கள்.

வேட்டைக்காரர் விட்டுச் சென்ற வெற்றுக் கோதுகளைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவதுண்டு. சுட்ட கோது எது, சுடாத ரவை எது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே எதையும் பொறுக்காதே, வந்து சொல் என்று பழக்குங்கள்.

வருடப் பிறப்பு இரவுக்கு வாணவெடி வாங்கும்போது முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். சி.ஈ. அடையாளமும் அதற்குப் பக்கத்தில் சோதித்த நிலையத்தின் நான்கு இலக்கமும் இருக்க வேண்டும். ஜேர்மனியின் பாம் நிலையத்துக்கு உரிய இலக்கம் 0589. அடையாளம் இல்லாத வெடியில் எவ்வளவு மருந்து என்று சொல்ல ஆளில்லை. சத்தம் மட்டும் போடும் துப்பாக்கிக்கு வட்டத்துக்குள் பி.ரி.பி. என்ற எழுத்துக்கள் இருக்கும். 18 வயது நிரம்பியவர் அதை வாங்கலாம். ஆனால் தெருவில் கொண்டு திரிவதற்குச் சிறிய ஆயுத அனுமதிப் பத்திரம் வேண்டும். எங்கள் இளைஞர்கள் பலருக்கு இந்த இரண்டாவது விதி தெரியாது. பெற்றோர் சொல்லிவைப்பது நல்லது.

முத்திரை என்றால் எங்களுக்கு இதுவரை கடவுச்சீட்டில் குத்துவதும் தஞ்ச மனுவில் குத்துவதும்தான் ஞாபகம் வரும். அந்த முத்திரைக்காக வரிசையில் நின்று நின்று அலுத்துப் போனோம். இது வேறு முத்திரை. முகம் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் அளந்து பார்த்தார் என்பதற்கு அது சாட்சி. பெட்டிகளின் மேல் அதைத் தேடிப் பார்க்கப் பழகுவோம். எங்கள் கையால் போகும் தாள்களிலும் அளந்ததை அளந்தபடியே எழுதுவோம்.